வெளியார் குவளை

கிஸில்
1991 ஜூன் 3

அன்புள்ள அண்ணன் லுக்கியானுக்குத் தங்கை உஸ்தீன்யா எழுதுவது. நான் சுகம். நீ, உன் முட்டி, உன் தேனீக்கள் எல்லோரும் சுகம்தானா? போன கோடையில் நீ கொடுத்தனுப்பிய தேன் இந்த மாதம்தான் தீர்ந்தது.

ஒரு நல்ல செய்தி. நம் துவாக் குடியரசின் வரலாற்றில் பெயர் விளங்கிய ரஷ்யர்களைப் பற்றி இங்கே ஒரு புத்தகம் போடுகிறார்கள். முதல் மருத்துவர், முதலில் அச்சகம் வைத்தவர், தங்கம் தோண்டியவர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர். மேலாற்றில் குடியேறிய நம் பழைய சமயத்தாரைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்பாவுக்கு 'அகபோன்' என்ற தலைப்பில் ஒரு முழுப் பக்கம் கேட்டு வாங்கிவிட்டேன். மேலாற்றில் முதல் மாவாலையைக் கட்டியவர், இந்தக் குளிரிலும் முதல் ஆப்பிள் மரத்தைப் பிழைக்கவைத்தவர் என்று வரப்போகிறது. ஆலை கட்டின கதையை உனக்குத் தெரிந்த அளவு எழுதி அனுப்பு.

இன்னொன்று. நாற்பத்தெட்டில் காட்டுக்குள் மறைந்திருந்த கன்னியர் மடத்தைப் பிடித்த வழக்கின் காகிதக் கட்டை இப்போது உறவுக்காரர்கள் பார்க்கலாமாம். சித்தி அனிஸ்யாவின் உறவு என்று சொல்லி மனு கொடுத்திருக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
உஸ்தீன்யா


கேத்ரோவ்கா
ஜூன் 21

கடவுள் விட்ட மூச்சோடு இருக்கிற அண்ணன் லுக்கியான், தங்கை உஸ்தீன்யாவுக்குத் தரை தொடக் குனிந்து எழுதுவது. தேனீக்கள் சுகம். முட்டி சுகமில்லை. அதற்குக் காரணம் நீதான். நகரத்தில் வெளியாரோடு தின்று குடித்து வாழ்கிறவளுக்கு வாசல் தட்டில் இருக்கிற வெளியார் குவளையைத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் சபை மூப்பன். ஆனாலும் நீ வரும்போதெல்லாம் அம்மாவின் குவளையை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பாவத்துக்காகப் போன கோடையில் முந்நூறு தடவை தரையில் விழுந்து கும்பிட்டேன். ஐம்பத்தெட்டு வயது முட்டி எத்தனை தாங்கும்?

அப்பா தன்னைப் புத்தகத்தில் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். இருந்தாலும் எழுதுகிறேன். ஆலைக்கு அச்சு ஒரே லார்ச் மரம். கல்லைக் கீழூரிலிருந்து பனிமேல் இழுத்து வந்தார்கள். இரண்டு குதிரை செத்தது. ஆப்பிள் கன்றை அப்பா தன் கம்பளிக் கோட்டால் சுற்றிவிட்டு அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டில்லாமல் திரிந்தார்.

இப்போது என் காரியம். நஸாரி படுத்துவிட்டான். போன வாரம் அவன் தங்கை பெலகேயா என் படலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"மூப்பரே" என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

"சொல்லு பெலகேயா."

"அண்ணன் இனிமே எந்திரிக்காது. சாகறதுக்குள்ள ஒரு தடவ எல்லாரோடயும் ஒக்காந்து சாப்பிடணும்ங்குது. உள் வேலியில பொதைக்கணும்ங்குது. வேற ஒண்ணும் கேக்கல."

"அது என் கையில இல்லம்மா. சபை போட்ட விலக்கு."

"அப்ப சபை யாரு? உங்கப்பா. இப்ப யாரு? நீங்க. கையில இல்லேன்னா கால்லயா இருக்கு?"

நாற்பத்தெட்டில் உனக்கு ஒன்பது வயது, ஓரளவு நினைவிருக்கும். மடத்துக்கு மாதாமாதம் மாவு சுமந்தவன் நஸாரி. அதிகாரிகள் அவனைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மடம் எரிந்தது. நான்கு கன்னியரைப் பிடித்துப் போனார்கள், நம் சித்தி படகிலேயே செத்தாள். அப்பா சபையைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் வெளியார் குவளையை நஸாரி கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவனோடு யாரும் சாப்பிடவில்லை, செபிக்கவில்லை. பெலகேயா அவனை விட்டுப் போகமாட்டேன் என்றாள், அவளுக்கும் அதே குவளை.

அந்தக் கட்டைப் பார்க்கப்போகிறாய் அல்லவா? வழி சொன்னது யார் என்று பார். நஸாரி என்றால் நஸாரி. இல்லை என்றால் நானே போய் அந்தக் குவளையை வாங்கி, அவனைத் தூக்கி வந்து பொது மேசையில் உட்கார வைக்கிறேன். காகிதம் இல்லாமல் அப்பாவின் விலக்கை நீக்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன்


கிஸில்
ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம், நலம் அறிய ஆவல். முட்டிக்குக் கரடிக் கொழுப்பு தடவு.

அனுமதி கிடைத்துவிட்டது! அடுத்த வாரம் கட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தது இருந்தபடி எழுதுகிறேன், பயப்படாதே. நீ ஒரு பாவத்தையும் சுமக்க வேண்டாம், நஸாரியும் சுமக்க வேண்டாம். அந்தக் கோட்டுக் கதையை அப்படியே புத்தகத்தில் போட்டுவிட்டேன். பதிப்பாசிரியர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உஸ்தீன்யா


கேத்ரோவ்கா
ஆகஸ்ட் 12

தங்கைக்கு லுக்கியான் குனிந்து எழுதுவது. வைக்கோல் ஏற்றியாகிவிட்டது. உடம்பு இருக்கிறது.

கட்டைப் பார்த்தாயா? மூன்று படகு வந்து போனது, உன் கடிதம் இல்லை. ஒவ்வொரு படகுக்கும் பெலகேயா கரைக்கு வந்து தூரத்தில் நிற்கிறாள். நான் கையை விரிக்கிறேன். அவள் திரும்பிப் போகிறாள். யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் நடக்கிறது.

நேற்று நஸாரியைப் பார்க்கப் போனேன். நிலைப்படியிலேயே நின்றேன்.

"உள்ள வா மூப்பரே, குவள ஒண்ணும் கடிக்காது" என்றான். ஆள் எலும்பாகிவிட்டான், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஒடம்பு எப்படி?"

"ஒடம்பா? அது போயி ரொம்ப நாளாச்சு. நான்தான் ஒக்காந்து காவல் காக்கறேன். ஏ லுக்கியான், நான் வாயத் தொறக்கலடா. இத சொல்லிச் சொல்லி நாப்பத்து மூணு வருஷம். உன் தங்கச்சி பாத்து எழுதட்டும். படிச்ச புள்ள, பொய் எழுதாது."

அவன் அப்படித்தான் சொன்னான், எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். மார்ஃபா இருந்தவரை இதை நான் எழுதியதில்லை, அவள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. இருபது வயதில் நான் பெலகேயாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் குவளை வீட்டுலயா பொண்ணு எடுக்கப்போற?" என்றார். அத்தோடு சரி. அதனால் எனக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சீக்கிரம் எழுது.

அண்ணன்


கிஸில்
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எனக்கு இரத்த அழுத்தம், தூக்கம் சரியில்லை.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புத்தக வேலை கழுத்தைப் பிடிக்கிறது. இந்த மாதம் அச்சுக்குப் பக்கம் கோக்கிறார்கள். அப்பாவுக்குப் படம் இல்லாததால் ஆலையின் படத்தைப் போடுகிறோம். வேலிப்பக்கம் நின்று எடுத்தது, ஆப்பிள் மரமும் தெரிகிறது. மிகவும் அழகாக வந்திருக்கிறது. பக்கத்தின் அடியில் 'எழுதியவர் அவர் மகள்' என்று என் பெயர்.

கட்டைப் பற்றி: காகிதங்கள் தெளிவாக இல்லை. சில பெயர்கள் மசியால் அடிக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு முறை பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதே. எத்தனை வருடம் ஆகிவிட்டது, போனவர்கள் போய்விட்டார்கள்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த இலையுதிர் காலத்தைப் பற்றி அப்பா உன்னிடம் எப்போதாவது பேசினாரா? சாகும்போது ஏதாவது சொன்னாரா?

உஸ்தீன்யா


கேத்ரோவ்கா
செப்டம்பர் 24

தங்கைக்கு. இரத்த அழுத்தத்துக்குக் காட்டுப்பழம் ஒரு வாளி அனுப்பியிருக்கிறேன், படகுக்காரனிடம் வாங்கிக்கொள்.

அப்பாவைப் பற்றி ஏன் கேட்கிறாய் என்று தெரியவில்லை. கேட்டதால் சொல்கிறேன். அந்தக் காலத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நஸாரிக்குக் கொடுத்த குவளையை அவரே குடைந்தார். பூர்ச்ச மரத்து முடிச்சில் மூன்று நாள் உட்கார்ந்து, உதடு படுகிற இடத்தை மழமழவென்று இழைத்தார். துரோகிக்கு எதற்கு இத்தனை வேலைப்பாடு என்று அம்மா கூடக் கேட்டாள். கடைசி நாளில் "நஸாரியக் கூப்பிடு" என்றார். மன்னிக்கக் கூப்பிடுகிறார் போல என்று நினைத்தேன். விலக்கப்பட்டவனை மூப்பரின் சாவுக்கட்டிலுக்கு எப்படிக் கூட்டி வருவது? கூப்பிடவில்லை. இரண்டு தடவை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை.

உஸ்தீன்யா, அக்டோபர் பாதியில் கடைசிப் படகு. அப்புறம் ஆறு உறையத் தொடங்கும். படகும் போகாது, பனிமேல் வண்டியும் போகாது. டிசம்பர் வரை ஊருக்குக் கடிதம் கிடையாது. நஸாரிக்கு அத்தனை நாள் இல்லை. கதை வேண்டாம், விளக்கம் வேண்டாம். 'அவன்தான்' அல்லது 'அவன் இல்லை'. ஒரு வரி போதும்.

அண்ணன்


கேத்ரோவ்கா
டிசம்பர் 2

தங்கைக்கு லுக்கியான் எழுதுவது. ஆறு இறுகிவிட்டது. முதல் பனிவண்டியில் இதை அனுப்புகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கடைசிப் படகில் உன் கடிதம் வரவில்லை. எழுதியிருப்பாய், எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும். ஆற்றைத்தான் திட்டினேன்.

நஸாரி நவம்பர் ஒன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தான். முதல் நாள் பெலகேயா வந்தாள்.

"கடுதாசி வந்துச்சா?"

"இல்ல."

"கடுதாசி இல்லாம உங்க மனசுக்கு ஒண்ணும் தெரியாதா லுக்கியான்?"

பெயர் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து இல்லாமல் சட்டத்தை உடைக்க மூப்பனால் ஆகாது என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

வேலிக்கு வெளியே புதைத்தோம். புதைத்தோம் என்று எழுதுகிறேன், நான் மண் போடவில்லை. பெலகேயாவும் கீழூரிலிருந்து வந்த இரண்டு துவா இன வேட்டைக்காரர்களும் போட்டார்கள். நான் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தேன்.

இப்போதாவது எழுது. செத்தவனுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது.

அண்ணன்


கிஸில்
1991 அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு. எல்லோரும் சுகம்தானா? இது கடைசிப் படகைப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நேற்றுதான் முழுக் கட்டையும் என் கண்ணில் காட்டினார்கள்.

உட்கார்ந்துகொண்டு படி அண்ணா. நஸாரி இல்லை.

நஸாரியின் வாக்குமூலம் ஒரே வரி. 'எனக்கு வழி தெரியாது, நான் அங்கே போனதே இல்லை.' இரண்டு நாளும் இதையேதான் சொல்லியிருக்கிறான். அவனைக் கூப்பிடுவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. 'மூன்றாம் அருவிக்கு மேலே, எரிந்த தேவதாருவில் இடப்பக்கம், ஓடையோடு ஒரு நாள் நடை.' கீழே கையெழுத்து, நம் பழைய எழுத்தில், அப்பா போடுகிற மாதிரி வால் நீட்டி. அகபோன். பக்கத்தில் அதிகாரி எழுதிய குறிப்பு: 'ஆலையை எடுக்கமாட்டோம், ஆளை முகாமுக்கு மரம் வெட்ட அனுப்பமாட்டோம் என்று சொல்லப்பட்டது.'

நகலை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். நஸாரிக்குச் செய்ய வேண்டியதைச் செய்.

உன் உஸ்தீன்யா


கேத்ரோவ்கா
1992 ஜனவரி 15

உஸ்தீன்யா,

உறையில் தபால் முத்திரை டிசம்பர் 11. உள்ளே நீ போட்ட தேதி அக்டோபர் 6. என் கடிதம் போய், நஸாரி செத்த சேதி தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். காட்டில் கிடக்கிறவன் உறையை எங்கே பார்க்கப்போகிறான், ஆற்றின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தாய். நானும் ஆற்றைத்தான் திட்டினேன் என்று எழுதி உனக்கு வழியும் காட்டிக் கொடுத்தேன்.

நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாயா? குமாஸ்தா எழுதியிருக்கிறான்: 'அகபோன் மகள் உஸ்தீன்யாவிடம் ஜூலை 23 கொடுக்கப்பட்டது.' ஜூலை. நஸாரி திண்டில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஜூலை. மசியால் அடித்திருக்கிறது, தெளிவில்லை என்று செப்டம்பரில் எழுதினாயே, அப்போது இது உன் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அப்பா சொன்னது என்னைக் கொன்றது. நீ சொல்லாதது அதைவிட.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நகலை நானே படித்தேன். மூப்பன் பொறுப்பை விட்டேன். ஆறு வாரம் தனித் தட்டில் சாப்பிட்டு, விழுந்து கும்பிட வேண்டும் என்று சொன்னார்கள். குறைச்சல் என்றேன்.

புதைத்தவனைத் தோண்டக் கூடாது. அதனால் வேலியை நகர்த்தினோம். ஜனவரி மண் இரும்பாகக் கிடந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி, பதினாறு கம்பம் பிடுங்கி நட்டோம். இப்போது நஸாரி உள்ளே இருக்கிறான். சிலர் அப்பாவை வெளியே தள்ளுகிற மாதிரி வேலி போடலாம் என்றார்கள். பெலகேயா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"போதும்யா. இன்னொருத்தர வெளிய வெக்கறதுக்கு இன்னொரு வேலியா? அங்கயே கெடக்கட்டும், அண்ணன் பக்கத்துல. பேசித் தீத்துக்கட்டும்."

லுக்கியான்


கிஸில்
பிப்ரவரி 9

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. எல்லாம் நீ சொன்னபடிதான். ஜூலையிலேயே பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அது சத்தியம். உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அதற்குள் பக்கம் கோக்கத் தொடங்கிவிட்டார்கள், அடியில் என் பெயர். எங்கே போனாலும் 'ஆலை அகபோனின் மகளா' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. குளிர்காலம் வந்தால் நஸாரி தானாகப் போய்விடுவான், அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

புத்தகம் வந்துவிட்டது. மறைக்க வேறொன்றும் இல்லை என்பதால் ஒரு பிரதி அனுப்புகிறேன். பனி உருகி முதல் படகு கிளம்பியதும் வருகிறேன். பெலகேயா காலில் விழுகிறேன். எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

உஸ்தீன்யா


கேத்ரோவ்கா
மார்ச் 20

உஸ்தீன்யா,

புத்தகம் வந்தது. அப்பா பக்கத்தைப் பெலகேயாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவள் பொது மேசையில் உட்காருகிறாள், என் எதிர் வரிசையில். என் முகத்தைப் பார்ப்பதில்லை. 'ஊரார் வழக்குகளில் ஒரு பக்கமும் சாயாத நீதிமான்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். "மாவு நல்லாத்தான் அரைச்சாரு" என்றாள். அதோடு எழுந்து போய் மாட்டைக் கறந்தாள்.

என்னை நான் தப்பிக்க விடவில்லை. தங்கை என்பதற்காக உனக்கு இருபது தடவை சட்டத்தை உடைத்தேன். நஸாரிக்கு ஒரு தடவை உடைக்க எனக்குக் காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்துக்கு உன்னை நம்பினேன். 'படிச்ச புள்ள, பொய் எழுதாது' என்று அவனும் நம்பினான்.

நஸாரியின் குவளையை எரித்துவிடலாம் என்று கேட்டேன். பெலகேயா கழுவித் துடைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தாள். "உங்கப்பா செஞ்சது. உங்க வீட்டுப் பொருள், நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். நாற்பத்து மூன்று வருடத்தில் உதடு பட்ட இடம் கறுத்துத் தேய்ந்திருக்கிறது.

வராதே என்று சொல்லமாட்டேன். வழியில் வந்தவரை இந்த ஊரில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மே கடைசியில் படகு ஓடும். வா. ரொட்டி இருக்கும், தேன் இருக்கும். குடிக்க நீ உள்ளே தேட வேண்டாம், வாசல் தட்டிலேயே வைத்திருக்கிறேன். அம்மாவின் குவளையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

முட்டி தேவலை. நீ வந்து போனபின் இந்தத் தடவை நான் விழுந்து கும்பிட வேண்டியிருக்காது.

லுக்கியான்